நானூற்றுப் பன்னிரண்டு விளக்குகள்

எங்கள் சாய்ந்தான்குளத்தில் மழை பொய்க்கும், கரண்டு பொய்க்கும். பலவேசமும் கொம்பையாவும் மாசானமும் கூடி ஒரு வேலையைக் கெடுப்பது மட்டும் ஒருநாளும் பொய்த்ததில்லை. மூன்று பேரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நான் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு தட்டி மறைப்புதான். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி தட்டி வழியாகக் கேட்டது. பொய் கலக்கவில்லை. அதற்கு அவர்கள் இடமே வைக்கவில்லை.

பலவேசம் மூத்தவர், யோசிப்பது அவர் பொறுப்பு. கொம்பையா டைப் அடிப்பான். மற்றதெல்லாம் மாசானம். மூன்று பேரும் தங்கமான ஆட்கள், அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவர்கள். வினையே அதில்தான் வந்தது.

போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை உலகம்மாள் டீச்சர் வந்தாள். பாவம், ஆறு வருஷமாகப் பித்தளை விளக்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். வடக்கே பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்து அருங்காட்சியகத்தில் நம் பக்கத்து விளக்குகள் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றனவாம். ஒவ்வொன்றின் படமும் விவரமும் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றனவாம். பெயர், செய்தவர், வருஷம், உலோகம், உயரம், எடை என்று கட்டம் கட்டி ஓர் அட்டவணை வேண்டும். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ரசம் கொட்டி அது கண்ணை மூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை வேறு. பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு தடவை தவணை கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அட்டவணை போய்ச் சேராவிட்டால் அவள் பெயரையே அடித்துவிடுவார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நம்ம ஆட்கள் என்று தெரிந்துதானோ என்னவோ, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"அண்ணே, கதவு திறந்துதான் இருக்கு, யாரையும் கேக்க வேண்டாம். ஆனா அவசரமா அள்ளாதீங்க, தடுத்துருவாங்க. ஒண்ணு எடுங்க, கொஞ்சம் இடைவெளி விடுங்க, அப்புறம் அடுத்தது. அங்க இருக்கறதை அப்படியே எழுதுங்க. இல்லாததைக் காலியா விடுங்க."

மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எட்டிப் பார்த்தால் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அந்த ஊரில் இன்னும் விடியவில்லையாம். பலவேசம் கணக்காகச் சொன்னார்: "விளக்கு வச்சப்புறம் உப்புகூட வெளிய குடுக்க மாட்டாக. விளக்கையேவாக்கா குடுப்பாக?" குளிர்காலத்தில் அங்கே சூரியன் வருவதே நமக்கு மத்தியானம் ஒன்றரைக்குத்தான். அதுவரை சோறு தின்று காத்திருந்தார்கள்.

விடிந்ததும் அடுத்த சிக்கல். கொஞ்சம் இடைவெளி என்றால் எவ்வளவு? ஒரு தும்மல் நேரம் என்றான் கொம்பையா. அது மரியாதையாக இருக்காது என்றார் பலவேசம். கடைசியில் மாசானம் பஸ் ஸ்டாண்டுத் தண்ணீர்த்தொட்டி வரை நடந்து போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் நேரம் என்று முடிவாயிற்று. ஒரு விளக்கு, ஒரு நடை. பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவனுக்கு வழிவிட்டார்கள்.

ஏழாவது விளக்கில் கொம்பையா வந்து என் அளவு டேப்பை வாங்கிக்கொண்டு போனான். அருங்காட்சியகம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்கிறது, திரையில் அளந்தால் பதினொன்றுதான் வருகிறது. அரைமணி நேரம் வேலை நின்றுபோனது. இவ்வளவு பெரிய இடம் பொய் எழுதுமா என்று கொம்பையாவுக்கு மனசே கேட்கவில்லை. பலவேசம் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "லேய், அது எம்புட்டுத் தூரத்துல இருக்கு? தூரத்துல இருக்கது சின்னதாத்தான் தெரியும்." மூன்று பேருக்கும் உயிர் வந்தது. டேப் மட்டும் எனக்கு வியாழக்கிழமைதான் திரும்பி வந்தது.

புதன்கிழமை தொண்ணூற்றாறு கிலோ எடையுள்ள விளக்கு ஒன்று வரிசையில் நின்றது. அவர்கள் மேஜை ஏற்கெனவே ஒரு கால் ஆடுகிற மேஜை. ஆகவே கம்ப்யூட்டரைத் தரைக்கு இறக்கி, அடியில் சாக்கு விரித்து, மாசானம் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ள, அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. முன்ஜாக்கிரதையாக இருந்ததால் தப்பித்தோம் என்றார் பலவேசம். மீதி வேலை முழுவதையும் கொம்பையா குப்புறப் படுத்துக்கொண்டே அடித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முக்கால்வாசி விளக்குகளில் செய்தவர் பெயர் காலியாகவே இருந்தது. இத்தனை அழகாக வார்த்த மனுஷனுக்குப் பேர்கூட இல்லையே என்று மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டுமானால் தன் பேரைப் போட்டுக்கொள்ளட்டும், ஆட்சேபணை இல்லை என்றான். டீச்சர் காலியாக விடச் சொல்லியிருப்பதால் அந்தத் தானத்தைப் பலவேசம் ஏற்கவில்லை.

இப்படியாக வியாழக்கிழமை சாயங்காலம் நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தன. மாசானத்தின் செருப்பும் முடிந்தது. நானே போய்ப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, ஒரு பிசகில்லாமல், அத்தனை நேர்த்தியான வேலை. நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு வந்தேன். என் நாக்கைத்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை இல்லாமல் சும்மா இருந்த நேரத்தில் மாசானம் கேட்டான்: "அண்ணாச்சி, அங்க மூணு மணிக்கே இருட்டிருமாம்லா. இருந்த விளக்கு பூராத்தையும் நாம எடுத்துட்டோம். அவுக என்ன செய்வாக?"

"கரண்டு இருக்கும்லா," என்றான் கொம்பையா.

"கரண்டு போச்சுன்னா?" என்றார் பலவேசம்.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரிடமும் பதில் கிடையாது. யாரையும் கேட்க வேண்டாம் என்றுதானே டீச்சர் சொன்னார், திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று பிறகு பலவேசம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு செட்டு நாம் வைத்துக்கொண்டு அனுப்பலாமே என்று கொம்பையா மெதுவாகக் கேட்டான். பலவேசத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "வச்சுக்கிட்டே குடுக்கறதுக்குப் பேரு என்னல? யோக்கியன் செய்யற வேலையா அது?"

அட்டவணையோடு அருங்காட்சியகத்துக்கு ஈ-மெயிலில் கடிதம் போயிற்று. உங்கள் விளக்குகளை இத்துடன் அனுப்பியிருக்கிறோம், எண்ணிப் பார்த்துக்கொள்ளவும், தாமதத்தை மன்னிக்கவும். அனுப்பிய கையோடு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார்கள். அது குப்பைத்தொட்டியில் போய் நின்றது. சாமிக்கு ஏற்றும் விளக்கைக் குப்பையில் வைப்பதா என்று அதையும் காலி செய்தார்கள். அனுப்பிய கடிதத்திலும் ஒரு பிரதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை. அழிச்சாச்சு, அழிச்சாச்சு என்று தட்டிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. கொசுவாக்கும் என்று நான் கல்யாண ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு உலகம்மாள் வந்தாள். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் பலவேசம். பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். யாருடையதோ அவர்களுக்குத்தான் அனுப்பினோம் என்று அவர் விளக்கம் சொல்லச் சொல்ல, கும்பிட்ட கை அப்படியே நின்றது. என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆறு வருஷம்க்கா," என்று ஓவென்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களைக் கட்டி வைத்து உதைத்தால் என்ன என்று மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்கள். ஒரு எட்டு நடந்து போய் வாங்கி வரட்டுமா என்றான் மாசானம்.

மணி நாலு முப்பத்தைந்துக்குக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. அருங்காட்சியகத்திலிருந்து பதில். உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்துத் தமிழில் சொன்னாள். உங்கள் அன்புக்கு நன்றி, எங்கள் விளக்குகள் நானூற்றுப் பன்னிரண்டும் இங்கேயே இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை, நீங்கள் அனுப்பியதை இத்துடன் உங்களுக்கே அனுப்பியிருக்கிறோம். பதில் எழுதினவள் யார் பெற்ற மகராசியோ, நல்லா இருக்கட்டும். உலகம்மாள் அதை அப்படியே பல்கலைக்கழகத்துக்குத் தள்ளிவிட்டாள். நாலு ஐம்பத்து மூன்றுக்குக் கிடைத்தது என்று பதில் வந்தது. சிரிப்பும் அழுகையுமாக என்னைக் கட்டிக்கொண்டாள். அவர்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

நானும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் பலவேசத்தின் குரல்:

"அவுக விளக்கு பூரா அங்கனயே இருக்காம். ஒண்ணு குறையலையாம். டீச்சர் வாசிச்சதைக் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"அப்ப இங்க வந்திருக்கது யாரோட விளக்குல?"



மறுநாள் காலையில் கடை வாசலில் அட்டை தொங்கியது. விளக்குகள் நானூற்றுப் பன்னிரண்டு கண்டெடுக்கப்பட்டுள்ளன, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம். எங்கள் ஊர்க்காரர்களைச் சொல்ல வேண்டுமா? ஒரே வாரத்தில் ஒன்பது பேர் என்னுடையதுதான் என்று வந்து நின்றார்கள். ஒருவன் உயரம், எடை எல்லாம் ஒப்பித்தான். பலவேசம் ஒருத்தரையும் ஏற்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இருந்த விளக்கு பூராத்தையும் தொலைச்சவன் எப்படிக்கா வருவான்? தட்டுத் தடுமாறித்தான் வருவான். இவனுவ எல்லாம் நேரா நடந்து வாரானுவ."

நேற்று மத்தியானம் தென்காசிக்காரப் பெரியவர் ஒருவர், கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி மாட்டியவர், பஸ் நேரம் கேட்கப் படியேறும்போது கால் இடறிக் கடைக்குள்ளேயே வந்து விழப்பார்த்தார். மூன்று பேரும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்கள். எத்தனை நாளாக இருட்டில் கிடந்தீர்களோ ஐயா என்று பலவேசம் பென்டிரைவில் அத்தனை விளக்கையும் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, தென்காசி பஸ் எத்தனை மணிக்கு என்று மறுபடியும் கேட்டார்.

அதெல்லாம் அப்புறம், முதலில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டும் எண்ணி முடிவதற்குள் அவருக்கு நாலு பஸ் போய்விட்டது.