அமலி ஏறிப்போன கார்

இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று கேட்காதீர்கள். இருந்தார்கள். கார் வேறு வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரம் சின்னத்தாழையில் ராயப்பன், தொம்மை, இஞ்ஞாசி என்று மூன்று அண்ணன்மார். அவர்களுக்கு அமலி என்று ஒரே தங்கை. அப்பா விட்டுப்போன சொத்து ஒரு பழைய அம்பாசடர். கல்யாணத்தன்று மகள் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். அமலிக்கு அப்பா என்றால் உயிர். வேறு வண்டி வந்தால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை கல்யாணம். அதற்கு முந்தைய வாரம் மெக்கானிக் பால்துரை வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். உப்புக்காற்று அடிப்பக்கத் தகட்டை அரித்து வைத்திருந்தது. பட்டறையில் இடமில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று, துரு பிடிக்காமல் பூசும் கறுப்புப் பூச்சு ஒரு டப்பா கொடுத்தார்.

"அடியில துரு ஒரு பொட்டுகூட இருக்கப்படாது, சுத்தமா சுரண்டிருங்க. பொறவு அடியில எது இருந்தாலும் விடாம ரெண்டு கோட் பூசிருங்க."

சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அடியில் படுத்துப் பூசினால் மூக்கில் சொட்டும் என்று, கயிறு கட்டி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தன. ராயப்பன் சுரண்டக் கை வைத்தபோது இஞ்ஞாசி தடுத்தான்.

"அண்ணே, இது மேல்பக்கம்லா. அவரு அடிப்பக்கத்தைத்தான சொன்னாரு?"

ராயப்பன் யோசித்தான். தம்பி சொன்னது நியாயம்தான். இப்போது அடியில் இருப்பது கூரை. அதைச் சுரண்டலாம் என்றால் மண்ணில் புதைந்து கிடக்கிறது, கை போகவில்லை. சரி என்று வண்டியைத் திருப்பினார்கள். திருப்பியதும் கூரை மேலே போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அந்தக் காரைத் தோசை மாதிரித் திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.

கடைசியில் தொம்மைதான் வழி கண்டான். மனுசன் ஒருக்களித்துப் படுத்தாலும் உள்ளங்கால் உள்ளங்கால்தானே, காரையும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குழப்பமே இல்லை என்றான். தொம்மைக்கு இவ்வளவு மூளையா என்று மற்ற இருவரும் அசந்துபோனார்கள்.

மீன் செதில் சுரண்டும் கத்தியோடு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சுரண்டச் சுரண்டத் துரு வந்தது. துரு போன இடத்தில் ஓட்டை வந்தது. ஓட்டையின் ஓரத்தில் மறுபடியும் துரு இருந்தது. விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பொட்டுத் துரு இல்லை. தகடும் இல்லை. வண்டியை நிமிர்த்தினார்கள். சீட்டெல்லாம் வரவில்லை, மண்ணிலேயே கிடந்தது.

"இனிமே துரு பிடிக்க எடமே இல்லல்லா," என்றான் ராயப்பன். அவன் குரலில் அவ்வளவு நிம்மதி.

திங்கட்கிழமை காலை அமலி பட்டுச்சேலையில் வந்து காரில் ஏறினாள். ஏறினாள் என்பது ஒரு மரியாதைக்குத்தான். கதவைத் திறந்து உள்ளே போய் மண்ணில் நின்றாள்.

"அண்ணே, வண்டி கோயில் வரைக்கும் போவுமா?"

நாம் போனால் அதுவும் வரும் என்று சொல்லி மூன்று பேரும் உள்ளே வந்து நின்றார்கள். அப்போதுதான் இஞ்ஞாசி குனிந்து பார்த்தான்.

"அண்ணே, அடியில கால் இருக்கு."

எல்லோரும் குனிந்தார்கள். எட்டுக் கால்கள் இருந்தன. பூச்சு டப்பாவோ திறக்காமலே இருந்தது. அடியில் எது இருந்தாலும் விடக்கூடாது என்பது பால்துரை சொன்ன சொல். அமலி தயங்கவே இல்லை. அப்பா கார் நல்லா இருந்தால் போதும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் காலை நீட்டினாள். எட்டு உள்ளங்காலுக்கும் ரெண்டு கோட் பூசியாயிற்று.

காயக்கூட நேரமில்லாமல் கிளம்பினார்கள். தொம்மையும் இஞ்ஞாசியும் உள்ளிருந்தே தள்ள, ராயப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தான். முக்குத் திரும்பும்போது கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினான். வேகம் கூடியபோது அமலி ஓடினாள். அப்பாவின் காரில் போகிறோம் என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து மூன்று தடியன்களும் அழுதார்கள்.

கோயிலுக்குள் வெள்ளைத் துணி விரித்திருந்தது. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அமலியின் கறுப்புக் காலடி அச்சு அச்சாக விழுந்தது. பின்வரிசையில் இருந்த பால்துரைக்குத் தான் கொடுத்த பூச்சு அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே முழங்காலில் விழுந்து ஜெபிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளை அருளப்பன் அமலியின் காலையே பார்த்தான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அமலிக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று ராயப்பன் பயந்துபோனான். மாப்பிள்ளை பக்கத்தில் போய் நடந்தது முழுவதையும் சொன்னான். கடல் தண்ணீரில் நின்றாலும் இந்தக் கால் துருப்பிடிக்காது என்று உத்தரவாதமும் கொடுத்தான்.

அருளப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு குனிந்து தன் ஷூவைக் கழற்றினான்.

"அப்ப எனக்கும் பூசிருங்க மச்சான். திரும்பிப் போறதும் அதே கார்லதான?"

இஞ்ஞாசி டப்பாவை எடுத்துவர ஓடினான். முதல் கோட் காயும்வரை சாமியார் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.