வரவேற்பு அட்டை

தனசிங்குக்கு வயது ஐம்பத்தைந்து. மனைவி இறந்த பிறகு திருச்சபை ஊழியத்துக்கு வந்தவர். மலைமேல் தேயிலைத் தோட்டத்துச் சபையில் போதகருக்கு உதவும் உபதேசியாராக இருந்தார். அவருக்கு ஊழியம் கற்றுக்கொடுத்த போதகர் சுகிர்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

கிறிஸ்துமஸ் காலை, மணி அடிப்பதற்கு முன் அவர் போதகரின் அறைக்குப் போனார்.

“அம்மா, நாளைக்கு ஊருக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்னு நினைக்கிறேன்.”

“ஊர்ல யார் இருக்கா?”

“தம்பி இருக்கான். எங்க அப்பா கட்டின வீடு.”

“உங்களை எதிர்பார்க்கிறாரா?”

தனசிங் சிரித்தார். “போன தடவை நான் பையைக் கீழே வைக்கல. அதுக்குள்ள ‘எப்ப கிளம்புற அண்ணே’ன்னு கேட்டான்.”

“அப்புறம் எதுக்குப் போறீங்க?”

“அங்க கதவு எந்தப் பக்கம் திறக்கும்னாவது தெரியும். இங்க வந்து மூணு வருஷமாச்சு. இன்னும் முழிப்பு வந்தா எங்க படுத்திருக்கேன்னு யோசிக்க வேண்டியிருக்கு. இந்த இடம் எனக்கு எப்பம்மா வீடாகும்?”

போதகர் அங்கியின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். மேசைமேல் இருந்த மைக்கை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“இன்னைக்கு அறிவிப்பை மேடைமேல நின்னு வாசிக்க வேண்டாம். கடைசி பெஞ்சுப் பக்கம் நின்னு வாசிங்க.”

“நான் கேட்டது...”

“மணி அடிக்குது.”

கடைசி பெஞ்சில் கதவிடுக்கு வழியாகக் குளிர் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

“என்ன உபதேசியாரே, பதவி போச்சா?”

தனசிங் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நம் சபைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.”

அது அவருடைய ஊர்ச் சபையின் வழக்கம். இங்கே அதை ஆரம்பித்தவரே அவர்தான். புதியவர் எழுந்து நிற்க வேண்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டுவார்கள். தனசிங் கையெழுத்துப் போட்டு வைத்த வரவேற்பு அட்டையைப் பக்கத்தில் இருப்பவர் யாராவது கொடுப்பார்கள்.

முன்வரிசையில் யாரோ ஒருவர் வீட்டுப் புது மாப்பிள்ளை எழுந்தார். பெரிய கைதட்டல். பிறகு, தனசிங்குக்கு நேர் எதிரே பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். கொழுந்து பறிக்க வடக்கேயிருந்து வந்தவர்களில் ஒருத்தி. கைதட்டல் பாதியாகக் குறைந்தது.

தனசிங் அட்டையை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, தன் பாஷை வேதாகமத்தைத் திறந்து உள்ளே வைத்தாள். உள்ளே ஏற்கெனவே அதே அட்டைகள். புத்தகம் மூட முடியாத அளவுக்கு. ஒவ்வொன்றிலும் கீழே அவர் கையெழுத்தும் தேதியும் இருந்தன; பழையது இரண்டு வருஷத்துக்கு முந்தியது. பெயர் எழுத வேண்டிய கோடு எல்லாவற்றிலும் காலியாக இருந்தது.

“நீ எதுக்கும்மா எந்திரிச்ச?” என்றார், மைக்கை மறைத்துக்கொண்டு.

அவள் பயந்துபோனாள். “தப்பா ஐயா?”

அதற்குள் அடுத்த பாட்டு எழும்பிவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லாரும் பந்திக்கு இலை போட ஓடினார்கள். அவர் வாசலுக்கு வந்தபோது அவள் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். பெயர் தெரியவில்லை. பனி வந்து பாதையை மூடும்வரை நின்றுகொண்டிருந்தார்.

பிறகு போதகரின் அறைக்குப் போனார்.

“அம்மா, அந்தப் பிள்ளை ரெண்டு வருஷமா வந்துக்கிட்டிருக்கு. ரெண்டு வருஷமா எந்திரிச்சு நிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ‘சரிம்மா’ன்னீங்க. ரெண்டு தடவையும் ஊர் பஸ்ஸுக்கு நேரம் விசாரிச்சுக்கிட்டிருந்தீங்க.”

தனசிங் மைக்கை மேசைமேல் திரும்ப வைத்தார்.

“அந்தப் பிள்ளைகிட்டயாவது எந்திரிக்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேன். கேக்கல. ‘இந்த வீட்டுக்காரர் நிக்கச் சொல்றப்ப எப்படி உட்கார்றது’ன்னா.”

“வீட்டுக்காரரா? யாரை?”

போதகர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“உங்களைத்தான் காட்டினா.”