கம்பைத் தட்டாத வீரபாகு

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்று முதல் என் காப்பியில் உப்பு விழட்டும்.

ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தில் உயரம் தாண்டுகிறவன் வீரபாகு. வயது முப்பதைத் தொட்டுவிட்டது. அவனுடைய பயிற்சியாளர் பெனிட்டா அவனுக்கு இளையவள். ஒலிம்பிக் போய் வெறுங்கையோடு திரும்பியவள். இவன் அவளை மேடம் என்பான். அவள் இவனை அண்ணே என்பாள்.

வீரபாகுவுக்கு ஒரு பழக்கம். கம்பைத் தட்டிய மனசோடு வீடு போகமாட்டான். கம்பு விழுந்தால் அதைக் கொஞ்சம் இறக்கி வைத்து, சுத்தமாக ஒரு தாண்டு தாண்டிவிட்டுத்தான் கிளம்புவான். போட்டியிலும் அப்படியே. ஜெயித்தது உறுதியானதும் 'போதும்' என்று ஒதுங்கிவிடுவான்.

மறுநாள் ஒலிம்பிக் தேர்வு. அதில் கேட்கும் உயரத்தை அவன் முயன்றதே இல்லை. இதை விட்டால் அவன் வயதுக்கு இன்னொன்று கிடையாது.

"மேடம், கம்பைத் தட்டாம முடிக்க ஒரு வழி சொல்லுங்க."

"தாண்டுங்க அண்ணே, சொல்றேன்."

தாண்டினான். அவள் கம்பை ஏற்றினாள். தாண்டினான். ஏற்றினாள்.

"போதும் மேடம். நல்லபடியா முடிச்சுக்கிறேன்."

"கல்யாணப் பந்தியா நடக்குது, போதும்னு இலையை மடிக்க? ஓடி வாங்க!"

சாயங்காலப் பனி இறங்கியது. கம்பு தென்னை உயரம் போனது, தாண்டினான். மேகத்துக்குள் போனது. பெனிட்டா ஏணியில் நின்று, மேகத்தை ஒரு கையால் விலக்கி விலக்கி, மறுகையால் ஏற்றிக்கொண்டே இருந்தாள். கீழே விடுதி விளக்குகள் கடுகு சிந்தினாற்போல் கிடந்தன. கூடு திரும்பிய கொக்கு ஒன்று மரியாதையாய் வழிவிட்டது. நிலாவுக்கு ஒரு முழம் இருக்கையில் அவன் குதிகால் கம்பில் பட்டது.

கம்பு விழுந்தது. அவனும் விழுந்தான். பஞ்சு இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல். பாதி வழியில் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டான்.

மெத்தையில் கிடந்தபடி முனகினான்.

"தட்டிட்டேனே மேடம். கொஞ்சம் இறக்கி வைங்க. ஒரே ஒரு தாண்டு."

பெனிட்டா கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினவளை நான் கூட நின்னு பார்த்தேன் அண்ணே. நாங்க எல்லாரும் தட்டிட்டு வெளியே வந்தாச்சு. அவ மட்டும் தனியா நின்னு, இன்னும் ஏத்துங்கன்னா. கிடைச்ச மூணு தடவையும் தட்டினா. தட்டிட்டுத்தான் மேடை ஏறினா."

வீரபாகு எழுந்து, கம்பைத் தட்டிய மனசோடேயே வீட்டுக்குக் கிளம்பினான்.

யாராவது கேட்டால், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.