பச்சை கேட் வீட்டுக் கடப்பாரை

"இனிமேல் நம்மளால ஆகாதுங் அம்மணி. குழுவைக் கலைச்சிரலாம்."

தங்கமுத்து டெம்போ சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் அது மறுபக்கம் போய் விழுந்தது.

ரெஜினா குனிந்து எடுத்தார். கோவையில் ரத்த தானத்துக்கு ஒரு குழு, ஆளில்லாதவர்களை அடக்கம் செய்ய ஒரு குழு என்று தொடங்கி வைத்து, அவை தாமாக நடக்க ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் விலகிக்கொள்கிற பெண்மணி. வயதில் தங்கமுத்துவைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் ஒரு சிக்கல் என்றால் தங்கமுத்து ஓடி வருவது இங்கேதான். குரு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

"என்னங்ணா ஆச்சு?"

"ஒரு வருசமா ஞாயித்துக்கெழம தவறாம குளத்தைச் சுத்தம் பண்றோம். கரைத் தெருச் சனம் மாடியில நின்னு வேடிக்கை பாக்குது. ஒருத்தர் கீழ எறங்கல. ரெண்டு நாள்ல மறுபடியும் குப்பை."

"அவங்களைக் கூப்பிட்டீங்களா?"

"நோட்டீஸ் குடுத்தோம். மைக் வெச்சுக் கூப்பிட்டோம். பாட்டுக்கூடப் போட்டோம்."

"வேலைக்கு என்னென்ன கொண்டு போவீங்க?"

கோபத்தோடு வந்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. மனிதருக்கு அதில் அப்படியொரு பெருமை.

"கடப்பாரை, மம்பட்டி, கூடை, தண்ணி கேன், டீ, பிஸ்கட்டு, மருந்துப் பெட்டி. எல்லாம் நம்முளுது. அந்தத் தெருவுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லைங். யாருக்கும் ஒரு தொந்தரவு குடுத்ததில்லை."

ரெஜினா சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கலைக்கறதுன்னா கலைச்சிரலாங்ணா. இந்த ஞாயிறு மட்டும் டெம்போவை நான் கொண்டு வர்றேன்."



ஞாயிற்றுக்கிழமை காலை. குழு முழுக்கக் கரையில் காத்திருந்தது. டெம்போ வந்தது. பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

"சாமானெல்லாம் எங்கீங்?"

"ஏத்தலைங்ணா."

"ஏத்தலையா! அப்புறம் கையிலயா தோண்டறது?"

ரெஜினா எதிரே கைகாட்டினார். "அந்தப் பச்சை கேட் வீட்டுல கேளுங்க."

தங்கமுத்து கல்யாணப் பந்தியில்கூட இன்னொரு தடவை ரசம் கேட்டு வாங்காத மனிதர். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். சாவி ரெஜினாவிடம் இருந்தது. குழுவோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

கேட்டைத் தட்டினார். லுங்கியோடு ஒருவர் வந்தார்.

"ஏனுங், ஒரு கடப்பாரை கெடைக்குங்களா? வேலை முடிஞ்சதும் தந்தர்றேன்."

அந்த ஆள் ஏற இறங்கப் பார்த்தார்.

"இரவல் குடுத்த கடப்பாரை எதுவும் திரும்பி வந்ததில்லைங். இருங்க, நானே கொண்டாறேன்."

கடப்பாரைக்குக் காவலாகக் கரையில் வந்து நின்றார். குழுவில் ஒருவர் அதை வாங்கி நாலு குத்து குத்தினார்.

"அட, அப்படிப் பாறையில குத்துனா முனை என்னத்துக்கு ஆகும்? இங்க குடுங்க."

பிடுங்கிக்கொண்டார். பிறகு தரவே இல்லை.

மம்பட்டிக்கு அடுத்த வீடு. கூடைக்கு அதற்கும் அடுத்த வீடு. வெயில் ஏறியதும் தண்ணீர் கேட்டார்கள். குடத்தோடு வந்த அம்மா குளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"கருமம், அது எங்க ஊட்டுக் குப்பைப் பையி."

முனகிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகி இறங்கினார்.

டீ நேரத்தில்தான் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் பெரிய தகராறு. யார் வீட்டு டீயைக் குடிப்பது? கடைசியில் தங்கமுத்து இரண்டு வீட்டிலும் குடிக்க வேண்டியதாயிற்று. மனசும் நிறைந்தது, வயிறும் நிறைந்தது.

கிளம்பும்போது ரெஜினா சாவியை நீட்டினார்.

"கலைச்சிரலாங்களாண்ணா?"

தங்கமுத்து சாவியை வெடுக்கென்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.



அடுத்த ஞாயிறு. தங்கமுத்து காலி டெம்போவோடு வந்தார். பச்சை கேட்காரர் கடப்பாரையும் கையுமாக முன்பே கரையில் நின்றிருந்தார். மம்பட்டி வந்துவிட்டது. கூடை வந்துவிட்டது. குடமும் வந்துவிட்டது.

தங்கமுத்து கொஞ்சம் யோசித்தார். தெருவின் கடைசிக்கு நடந்தார். இன்னும் யாரும் இறங்கி வராத வீடு ஒன்று அங்கே இருந்தது.

"ஏனுங், யாருங் வீட்ல? குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

கிளம்பும்போதே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.