பதினைந்தாம் பக்கத்து மனிதன்

மந்திப்பாளையத்தில் மேலே இருப்பவர்கள் சொன்ன சொல்லை யாரும் தட்டுவதில்லை. அந்த ஊர் உருப்படாமல் போனதற்கு வேறு காரணம் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அதற்குப் பச்சை பெயின்ட் அடித்தவர், ‘பெயின்ட் காயவில்லை, உட்காராதீர்கள்’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். அட்டையை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. இன்றும் ஊர்க்காரர்கள் பெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டுதான் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் சென்னியப்பன் ஆய்வக உதவியாளர். அதற்கு முன்பு மணியடிக்கும் வேலையில் இருந்தார். ‘பாடம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும்’ என்பது அவருக்குச் சொல்லப்பட்டது. ஒரு நாள் வரலாற்று ஆசிரியர் ஒரு போரைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். போர் முடியவில்லை, பாடமும் முடியவில்லை. சென்னியப்பன் மணியடிக்கவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்குப் பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை ஜன்னல் வழியாக இறக்கி வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவரை ஆய்வகத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒன்றுமே கிடையாது என்பதால் கெடுவதற்கும் ஒன்றும் கிடையாது.

அந்த நிம்மதி நான்கு ஆண்டுகள் நீடித்தது. ஐந்தாம் ஆண்டு பள்ளிக்கு அறிவியல் பிரிவு கொடுக்கலாமா என்று மேலே யோசித்தார்கள். அதற்கு ஆய்வகத்தில் ஓர் எலும்புக்கூடு இருக்க வேண்டும். பெட்டி வந்தது. மண்டையோடு, முதுகெலும்பு, விலாக்கூடு மட்டும் இந்த ஆண்டு. கை கால்கள் அடுத்த ஆண்டு என்று சீட்டு ஒட்டியிருந்தது.

தலைமையாசிரியை செங்கமலம் பயிற்சி முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில் சென்னியப்பனைக் கூப்பிட்டார். பெட்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“இந்தப் பதினைஞ்சாம் பக்கத்துல என்ன போட்டிருக்கோ அப்படியே பொருத்தி வைங்க. நீங்களா எதுவும் யோசிக்க வேண்டாம். எண்ணிக்கை சரியா இருக்கணும். கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிடுங்க. வெள்ளிக்கிழமை காலையில அதிகாரி வர்றாங்க. அனுமதி கிடைக்கலைன்னா ஆய்வகத்தை மூடிடுவாங்க. நீங்க திரும்ப மணிக்குப் போக வேண்டியதுதான்.”

பாடம் முடிந்ததா இல்லையா என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு நின்ற நாட்கள் சென்னியப்பன் கண்முன் வந்தன. எலும்புகளைச் சரியாகப் பொருத்திவிட வேண்டும் என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார். யோசிக்க மட்டும் கூடாது.

உதவிக்கு மூன்று பேர் வந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நாச்சிமுத்து, மாட்டு வியாபாரி. எலும்பைப் பார்த்தாலே வயதைச் சொல்லிவிடுவார், மாடாக இருந்தால். தையல்காரர் பொன்னுக்குட்டி, பிள்ளைகளின் சீருடையைத் தைத்துத் தருபவர். சத்துணவு சமைக்கும் மயிலாத்தாள், சும்மா எட்டிப் பார்க்க வந்து உள்ளே நின்றுவிட்டவர்.

பதினைந்தாம் பக்கத்தில் முதலில் விலா எலும்பு. பன்னிரண்டு ஜோடி, ஆக இருபத்து நாலு. பெட்டியிலும் இருபத்து நாலு இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ‘உங்கள் உடலைத் தொட்டுப் பார்த்தும் எண்ணி அறியலாம்’ என்று அடியில் போட்டிருந்தது.

“போட்டிருக்குதில்ல, எண்ணியாகோணும்,” என்றார் நாச்சிமுத்து.

நால்வரில் ஒல்லி பொன்னுக்குட்டி. சட்டையைக் கழற்றச் சொல்லி, துணியில் குறி போடும் அவருடைய சாக்கட்டியாலேயே ஒவ்வொரு விலாவிலும் கோடு போட்டு எண்ணத் தொடங்கினார் சென்னியப்பன். நாலாவது கோட்டில் பொன்னுக்குட்டிக்குக் கூச்சம் தாங்கவில்லை. வளைந்து நெளிந்து சிரித்தார்.

“மொதல்ல இருந்து எண்ணு, சென்னியப்பா,” என்றார் நாச்சிமுத்து. “சிரிக்கறப்ப விலா விரியுது. நடுவுல புதுசா ஒண்ணு வந்திருந்தாலும் நமக்குத் தெரியாது.”

மூன்று முறை முதலில் இருந்து எண்ணினார்கள். மூன்று முறையும் நாலைத் தாண்டவில்லை. மயிலாத்தாள்தான் வழி கண்டுபிடித்தார்.

“பொன்னுக்குட்டியண்ணா, சொல்லக்கூடாதுன்னு இருந்தேனுங்க. போன தீபாவளிக்கு நீங்க தெச்சுக் குடுத்த ஜாக்கெட்டு, கை உள்ளயே போகலீங்க.”

பொன்னுக்குட்டியின் முகம் தொங்கிப்போனது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இருபத்து நாலையும் எண்ணி முடித்துவிட்டார்கள்.

அடுத்தது முதுகெலும்பு. பக்கத்தின் கடைசி வரி அதைப் பற்றியது. சென்னியப்பன் விரலை ஓட்டிப் படித்தார்: ‘முதுகெலும்புத் தொடரில் முப்பத்து மூன்று முள்ளெலும்புகள் உள்ளன. ஆனால்’

பக்கம் அங்கே முடிந்திருந்தது.

பெட்டியில் இருந்ததைத் தரையில் பரப்பி எண்ணினார்கள். இருபத்தாறு.

“ஏழு கொறையுதுங்க,” என்றார் சென்னியப்பன்.

“பக்கத்தைத் திருப்பினா என்னுங்க?” என்று கேட்டார் மயிலாத்தாள். “ஆனாலுக்கு அப்புறம் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க.”

மற்ற மூவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்னால் போனார்.

“டீச்சர் எந்தப் பக்கம்னு சொன்னாங்க?” என்றார் நாச்சிமுத்து.

“பதினைஞ்சாம் பக்கமுங்க.”

“பதினாறைப் பார்க்கச் சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன? ஒருத்தர் ‘ஆனால்’னு சொல்லி நிறுத்தினா, அதுக்கு மேல கேட்காதீங்கன்னு அர்த்தம். எஞ்சம்சாரம் அப்படித்தான் நிறுத்துவா. நான் கேட்கறதில்லை.”

பொன்னுக்குட்டி எழுந்து கடைக்குப் போனார்; நூல் தீர்ந்துபோன ஏழு மரக்கட்டைகளைக் கொண்டுவந்தார். நடுவில் ஓட்டை, இருபுறமும் விளிம்பு. பார்ப்பதற்கு அந்த எலும்புகளுக்குச் சித்தப்பன் பிள்ளை மாதிரி இருந்தன.

எங்கே சேர்ப்பது என்பதில் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. இடுப்பில் சேர்க்கலாம் என்றார் மயிலாத்தாள், குனிந்து பாத்திரம் தேய்க்க வசதியாக இருக்கும். நாச்சிமுத்து ஒப்பவில்லை.

“கழுத்துல சேருங்க. அதிகாரி வர்றப்ப மந்திப்பாளையத்து ஆளு தலை நிமிர்ந்து நிக்கோணும்.”

ஏழு கட்டைகளும் கழுத்தில் ஏறின. முப்பத்து மூன்று. சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது மண்டையோடு வரைக்கும்தான். மண்டையோட்டில் இருபத்திரண்டு எலும்புகள் என்றது பதினைந்தாம் பக்கம். மூளையை மூடியிருப்பவை எட்டு, முகத்தில் பதினாலு. பெட்டியில் இருந்ததோ இரண்டே உருப்படி: ஒரு தலை, ஒரு தாடை.

“இருவது கொறையுது,” என்றார் சென்னியப்பன்.

“எங்கியும் கொறையலை,” என்றார் நாச்சிமுத்து, தலையைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே. “எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது. பிரிக்காம அனுப்பிட்டாங்க. நம்ம பிரிச்சுக்கோணும்.”

பிரிக்கும் பொறுப்பு மயிலாத்தாளிடம் போனது. தினமும் பதினைந்து தேங்காய் உடைக்கும் கை. அரிவாளைத் திருப்பிப் பிடித்து, தலையை இடது உள்ளங்கையில் ஏந்தி, உச்சியில் ஒரு தட்டுத் தட்டினார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தேங்காயைவிடச் சொன்னபடி கேட்டது. ஒரே தட்டில் ஒன்பது துண்டு.

“மெதுவா, அம்மிணி. இருவத்தொண்ணுல நிறுத்து. தாடை தனியா ஒண்ணு இருக்குது.”

மயிலாத்தாள் மெதுவாகத்தான் தட்டினார். ஆனாலும் கடைசித் தட்டில் மூக்கு எதிர்பாராத தாராளம் காட்டிவிட்டது. தாடையோடு சேர்த்து இருபத்து நாலு.

“ரெண்டு அதிகமாப் போச்சுங்க,” என்றார் சென்னியப்பன்.

“மண்டைக்குள்ள போட்டு மூடிரு,” என்றார் நாச்சிமுத்து. “வெளிய தெரியாது. எவன் மண்டையா இருந்தாலும் உள்ள ஏதோ கொஞ்சம் இருக்கோணுமில்ல.”

இனி ஒட்ட வேண்டும். பசையை எடுத்த சென்னியப்பனின் கையைப் பொன்னுக்குட்டி பிடித்துக்கொண்டார். ஜாக்கெட் விவகாரத்துக்குப் பிறகு அவர் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

“பக்கத்தைப் பாருங்க மாப்ளே. ‘மண்டையோட்டின் எலும்புகள் தையல் போன்ற அமைப்பால் இணைந்துள்ளன.’ பசைன்னு எங்கியாச்சும் போட்டிருக்குதா?”

போட்டிருக்கவில்லை.

“என்ன தையல்னுதான் போடலை. ஓரத் தையலா, சங்கிலித் தையலான்னு சொல்லியிருக்கலாம். சரி, நெத்திக்குச் சங்கிலி போட்டர்றேன். பார்வையா இருக்கும்.”

ஊசியால் குத்தி ஓட்டை போட்டு, கறுப்பு நூல் கோத்து, வியாழக்கிழமை முழுவதும் தைத்தார். இவ்வளவு கவனமாக அவர் எதையும் தைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பின்னங்கழுத்து ஓரத்தில், காலர் இருக்க வேண்டிய இடத்தில், ‘பொன்னு டெய்லர்ஸ், மந்திப்பாளையம்’ என்ற துணிச்சீட்டையும் வைத்துத் தைத்துவிட்டார்.

அலமாரியில் நிறுத்தியபோது கழுத்து உள்ளே அடங்கவில்லை. உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும் என்பது உத்தரவு. மேல்பலகையில் ரம்பத்தால் ஒரு வட்டம் அறுத்தார்கள். உடல் உள்ளே நின்றது, கதவைப் பூட்டினார்கள். தலை மட்டும் மேலே வெளியே நின்று ஆய்வகத்தை மேற்பார்வை பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி வந்தார். நாற்பத்தெட்டுப் பள்ளிகளைப் பார்த்துக் களைத்த பெண்மணி. உள்ளே நுழைந்தவர் தலையைத்தான் முதலில் பார்த்தார். கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்தார்.

“இது என்ன?”

“பதினைஞ்சாம் பக்கமுங்க அம்மா,” என்றார் சென்னியப்பன்.

அதிகாரி அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். துணிச்சீட்டைப் படித்தார். விரலால் அதன் நெற்றியைத் தொட்டார். உள்ளே இருந்த இரண்டு துண்டுகளும் கிலுகிலுத்தன.

“கழுத்துல இதெல்லாம் நூல் கட்டையா?”

“ஏழுதாங்க கட்டை. பாக்கி இருவத்தாறும் பெட்டியில வந்ததுங்க. கூட்டினா முப்பத்து மூணு வருமுங்க. எண்ணிப் பார்த்துக்கலாமுங்க.”

அதிகாரி கையேட்டை வாங்கினார். பதினைந்தாம் பக்கத்தைப் படித்தார். பிறகு, யாரையும் கேட்காமல், பக்கத்தைத் திருப்பினார். நால்வரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

“‘ஆனால், வளர்ந்த மனிதரில் இருபத்தாறு மட்டுமே காணப்படும்,’” என்று அவர் வாய்விட்டுப் படித்தார். அடியில் உள்ள எலும்புகள் வளர வளர ஒன்றாகக் கூடிவிடும் என்ற அடுத்த வரிக்குப் போகும் முன் அவர் கண் மறுபடி அந்தத் தலைமேல் விழுந்துவிட்டது. கையேட்டைப் பட்டென்று மூடினார்.

“சின்னப் பிள்ளைக்கு முப்பத்து மூணு, பெரியவங்களுக்கு இருபத்தாறு. புரியுதா?”

“புரியுதுங்க,” என்றார் நாச்சிமுத்து. “நடுவுல ஏழு எங்கீங்க போச்சு?”

“அதைத்தான் பிள்ளைங்க உங்ககிட்டக் கேட்பாங்க. அது தெரியாம என்ன ஆய்வகம் நடத்தப் போறீங்க? அந்த ஏழு எங்கே போச்சுன்னு தேடிக் கண்டுபிடிச்சு வைங்க. திங்கட்கிழமை திரும்ப வருவேன். சரியான பதில் இருந்தா கையெழுத்து, இல்லைன்னா மூடிட்டுப் போயிடுவேன்.”

கார் போன திசையைப் பார்த்தபடி நால்வரும் நின்றார்கள். சென்னியப்பன் கண்ணுக்கு மைதானத்தின் மறுகோடியில் தொங்கிய மணி மட்டும்தான் தெரிந்தது.

“புஸ்தகத்துல தேடிப் பார்க்கலாமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார் மயிலாத்தாள்.

“புஸ்தகத்துலயா தொலைச்சோம்?” என்றார் நாச்சிமுத்து. “தொலைஞ்ச எடத்துலதான் தேடோணும். பள்ளிக்கூடத்துக்கு வர்றப்ப முப்பத்து மூணோட வர்றாங்க. படிச்சு முடிச்சுப் போறப்ப இருவத்தாறு. அப்போ எங்க விழுந்திருக்கும்?”

எல்லோரும் மைதானத்தைப் பார்த்தார்கள். எழுபது ஆண்டுகளாகப் பிள்ளைகள் ஓடி, குதித்து, விழுந்து புரண்ட மைதானம்.

சனிக்கிழமை விடிந்ததும் ஊரே சல்லடையோடு வந்துவிட்டது. வீடு கட்ட மணல் சலிக்கும் சல்லடை, மாவு சலிக்கும் சல்லடை, சல்லடை இல்லாதவர்களுக்குக் கொசுவலை. ஒவ்வொரு தலைமுறையும் தான் அதிகம் விளையாடிய மூலையைப் பிடித்துக்கொண்டது. தாங்கள் தலைக்கு ஏழுக்கு மேலேயே விட்டிருப்போம் என்று பழைய கபடிக் குழுவினர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினோரு கோலிக்குண்டு, ஒரு காம்பஸ், பாதி செருப்பு இவ்வளவும் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை மாலைவரை எலும்பு ஒன்றுகூட வரவில்லை.

பயிற்சி முடிந்து தலைமையாசிரியை செங்கமலம் வந்து இறங்கியபோது மைதானம் இரண்டடி பள்ளமாகி இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், வேப்பமரத்தடிக் குழியில் இருந்து சென்னியப்பன் ஏறி வந்தார். கையில் மண் ஒட்டிய ஓர் எலும்பு. எந்தக் காலத்திலோ நாய் கவ்விக்கொண்டு வந்து போட்ட ஆட்டெலும்பு. ஒரு பக்கம் பல் பதிந்திருந்தது.

“கெடைச்சிருச்சுங்க டீச்சர்,” என்றார் சென்னியப்பன். மூச்சு வாங்கியது. “ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப இந்த மரத்துல இருந்து முதுகு அடிபட விழுந்தேனுங்க. அன்னிக்கு விட்டதுதான்.”

“அது உங்களோடதுன்னு எப்படித் தெரியும்?”

சென்னியப்பன் திரும்பி நின்று, சட்டையைத் தூக்கி, எலும்பை இடுப்புக்கு மேலே பொருத்திக் காட்டினார்.

“அளவு பாருங்க. கச்சிதமா உக்காருதுங்க.”

நாச்சிமுத்து குனிந்து, கண்ணைச் சுருக்கி, மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல எலும்பையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

“இவனோடதுதான் டீச்சர். வயசுகூட ஒத்து வருது.”

பொன்னுக்குட்டி ஏற்கனவே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.