பண்டிதர் மடியில் இருந்த நெருப்பு

வேட்டைக்குப் புறப்பட்ட ராஜா, காட்டில் தீ மூட்ட நம்பகமான பொருள் எது என்று கேட்டார். ஆஸ்தான அக்கினிப் பண்டிதர் தங்கப் பிடி போட்ட பூதக்கண்ணாடியை நீட்டி, சக்கிமுக்கிக் கல்லோடு நின்ற சமையல்காரியை முறைத்தார்.

"சூரியனே இதற்கு அடிமை! மறுத்துப் பேசினால் சமையல்காரிக்கு வேலை போகும்."

"நான் ஏன் சாமி மறுக்கப்போறேன்?" என்றாள் சமையல்காரி மருதாயி.

காட்டில் சாயங்காலம் மழை கொட்டியது. ராஜாவுக்கு அகோரப் பசி.

"சாமி பேச்சை நம்பி என் சக்கிமுக்கிக் கல்லை ஆத்துல வீசிட்டேன், மகாராஜா. அவர் சூரியனைக் கூப்பிட்டா உலை வச்சிருவேன்," என்றாள் மருதாயி.

ராஜா வாளை உருவினார். "பண்டிதரே, தீயா, தலையா?"

பண்டிதர் மடியை அவிழ்த்தார். உள்ளே, எண்ணெய்த் துணியில் சுற்றிய சக்கிமுக்கிக் கல்!

"நம்பகமானது எதுன்னு கேட்டீங்களே மகாராஜா," என்றாள் மருதாயி. "பண்டிதர் தனக்குன்னு எடுத்துட்டு வந்தாரே, அதுதான்!"

வேலை போனது பண்டிதருக்குத்தான். ஆற்றோடு போன கல் மருதாயியின் கொண்டைக்குள் பத்திரமாக இருந்தது.