வைரவனுக்கு வைத்த விளக்கு

அடைக்கலத்தை வஞ்சித்தவன் வைரவன்தான். அவனுடைய போட்டோ ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருஷம் இருட்டறையில் நின்று படம் கழுவினார் அடைக்கலம். விளக்கு வைக்கும் வித்தையை மட்டும் வைரவன் காட்டவேயில்லை. திரையை இழுத்து மூடிக்கொள்வான். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டதற்கு, கல்யாண வீட்டார் பத்துப் பேர் முன்னால் சொன்னான்: "இருட்டறை எலிக்கு வெளிச்சம் எதுக்குடா?"

எல்லாரும் சிரித்தார்கள். அடைக்கலம் அன்றே வெளியேறினார்.

ஐம்பது வயதில் திண்டுக்கல் ரெஜினாவிடம் போய்ச் சேர்ந்தார். அப்பா விட்டுப்போன ஸ்டூடியோவை நடத்திவந்த அந்தப் பெண்ணுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதான்.

ஐநூறு வாட்ஸ் பல்பு எரிந்த காலம் அது. போட்ட பவுடர் வியர்வையில் கரைவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். சுவரில் கண்ணாடி, அதன் கீழே யாரும் கொண்டுபோகாதபடி நூல் கட்டிய சீப்பு.

"விளக்கை எங்கம்மா வைக்கணும்?"

"முகத்தைப் பாருங்கண்ணே."

எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பெரிய விளக்கு நெற்றிக்கு மேலே, ஒரு பக்கமாக. மூக்கின் நிழல் உதட்டைத் தொடக்கூடாது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, நிழல் கருத்துப்போகாமல் இருக்க.

எட்டு வருஷம் ஓடியது. ஒருநாள் கைத்தடி ஊன்றி வைரவனே படியேறி வந்தான். அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் வேண்டுமாம். ஊரையே படம் பிடித்தவனுக்குத் தன்னைப் பிடிக்க ஆளில்லை.

"அண்ணே, நீங்களே விளக்கு வைங்க," என்றார் ரெஜினா.

இன்றைக்கு இவன் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று அடைக்கலம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அவன் பக்கம் திரும்பாமலே விளக்கை இடப்பக்கம் தள்ளி வைத்தார்.

"முகத்தைப் பார்க்கலையே?"

"இந்த மூஞ்சி எனக்குத் தெரியாதாம்மா? இடப்பக்கம்தான் எடுப்புன்னு பீத்திக்கிட்டே இருப்பானே."

விளக்கைப் போட்டார். வைரவன் சட்டென்று கையால் வாயை மறைத்துக்கொண்டான்.

ரெஜினா கேமராவைத் தொடவில்லை.

"அண்ணே, இது எந்த வருஷத்து முகத்துக்கு வச்ச விளக்கு?"

அப்போதுதான் அடைக்கலம் பார்த்தார். பக்கவாதம் வந்து, வைரவனின் இடது வாயோரம் கீழே இழுத்திருந்தது.

விளக்கை வலப்பக்கம் கொண்டுபோனார். வெள்ளை அட்டையை இடப்பக்கம் நிறுத்தினார்.

"தலையைக் கொஞ்சம் திருப்பு. போதும். கையை எடு, வைரவா."

வைரவன் கையை எடுத்தான்.

படம் எடுத்தாயிற்று. வைரவன் வாசல்வரை போய், நின்று, திரும்பினான். அடைக்கலம் ஓரடி முன்னால் வந்தார்.

"படம் என்னைக்குக் கிடைக்கும்?"

"செவ்வாக்கிழமை," என்றார் ரெஜினா.

கைத்தடிச் சத்தம் படியிறங்கித் தெருவோடு போயிற்று.

"பார்த்தீங்களாம்மா! ஒரு வார்த்தை சொன்னானா? அவன் எனக்கு வச்ச பாக்கி பாக்கிதானே?"

"பாக்கிதாண்ணே. ஆனா, படம் எடுத்தாச்சே, விளக்கு ஏன் இன்னும் எரியுது?"